அப்பா இந்தியர்னா பிள்ளையும் இந்தியரா? பிரிவு எண் சொல்லுங்க

ஜாலான் ஈப்போ ஜெயா · காலை 8:40

நேத்து ராத்திரி கல்யாண மண்டபத் திரியில பாகான் பரமு அண்ணன் போட்டதை அப்படியே இங்க ஒட்டுறேன். அங்க பதில் சொன்னா திரி திசை மாறுதுன்னு நிர்வாகி குதிக்கிறார்.

“கலப்புப் பிள்ளைகளுக்கு அடையாளக் குழப்பம், மன உளைச்சல்னு புதுசா ஒரு வியாதியைக் கண்டுபிடிச்சிருக்காங்க. இதுல குழம்ப என்ன இருக்கு? அப்பா இந்தியர்னா பிள்ளை இந்தியர். அப்பா சீனர்னா பிள்ளை சீனர். மலேசியச் சட்டம் தெளிவா சொல்லிடுச்சு. மத்ததெல்லாம் வெள்ளைக்காரன் காலேஜ்ல வாங்கிட்டு வந்த தலைவலி.”

என் கேள்வி ஒண்ணுதான். எந்தச் சட்டம்? எந்தப் பிரிவு? எண் சொல்லுங்க. கூட்டரசு அரசமைப்புல ‘மலாய்க்காரர்’ யாருன்னு 160ஆவது விதியில இருக்கு. அதே விதியில பூர்வகுடி யாருன்னும் இருக்கு. சபா, சரவாக் சுதேசிகளுக்கு 161ஏ. ‘இந்தியர்’னா யாரு, ‘சீனர்’னா யாருன்னு விளக்கம் எங்கயும் கிடையாது. விளக்கமே இல்லாத ஒண்ணு அப்பாகிட்டருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குச்சு?

பாகான் பரமு · 9:05

காலங்காத்தால என் பேரைச் சொல்லித்தான் கடை திறக்கணுமா ஜெயா அம்மா? சந்தோஷம். ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) கவுண்டர்ல போய்ப் பாருங்க. அப்பா ஐசி (அடையாள அட்டை), அம்மா ஐசி, கல்யாணப் பத்திரம், ஆஸ்பத்திரி கொடுத்த தாள், பிறப்பைப் பதியற எல்எம்01 பாரம். அஞ்சையும் நீட்டினா கெராணி (எழுத்தர்) அப்பாவோட கெதுருனானை, அதாவது இனத்தை, பார்த்துத்தான் பிள்ளைக்குப் போடுவார். இது சட்டம் இல்லாம சாம்பாரா? ஐசியிலேயே இனம் அச்சடிச்சிருக்கு. படிச்சவங்களுக்கு இதுகூடத் தெரியலை.

ஜாலான் ஈப்போ ஜெயா · 9:11

ஐசியை வெளிய எடுங்க அண்ணே. என்ன அச்சடிச்சிருக்கு? படம், பேரு, எண், விலாசம், வார்கா நெகாரா (குடிமகன்), ஆணா பெண்ணா. முஸ்லிமா இருந்தா ‘இஸ்லாம்’னு மதம். எண்ணோட நடுவுல ரெண்டு இலக்கம், பினாங்குன்னா 07, கோலாலம்பூர்னா 14. இனம் எங்க இருக்கு? விரலை வச்சுக் காட்டுங்க.

கெராணி என்ன போடுறார்ங்கிறது நடைமுறை. நான் கேட்டது சட்டம். பிரிவு எண்.

பாகான் பரமு · 9:20

சிப்புக்குள்ள இருக்கு.

ஜாலான் ஈப்போ ஜெயா · 9:21

“அச்சடிச்சிருக்கு”ன்னீங்க. இப்ப சிப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சா?

அஞ்சடி ஆசாமி · 9:24

பரமு அண்ணன் சிப்புக்குள்ள போயிட்டாரு, யாராச்சும் ரீடர் கொண்டாங்க 😂

கப்பித்தான் கனி · 9:50

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பரமு அண்ணே, நீங்க நிக்கிற மண்ணோட கதையைக் கொஞ்சம் பாருங்க. பினாங்குல தமிழ் முஸ்லிம் வியாபாரியும் மலாய்ப் பெண்ணும் கட்டிக்கிட்டுப் பொறந்த பிள்ளைகளுக்கு ‘ஜாவி பெக்கான்’னு தனிப் பேரே இருந்துச்சு. 1871 நீரிணைக் குடியேற்றக் கணக்கெடுப்புல அவங்களைத் தனி வகையா எண்ணினாங்க. அப்புறம் அந்தக் கட்டமே காணாமப் போச்சு. பிள்ளைங்க மலாய்க்காரங்களா ஆனாங்க. அப்பா வழி தமிழ், ஆனா பிள்ளை தமிழர் இல்லை. உங்க விதிப்படி இவங்கள்லாம் ‘இந்தியர்’னு இல்ல இருக்கணும்?

160ஆவது விதியையும் நல்லாப் படிங்க. இஸ்லாத்தைப் பின்பற்றணும், வழக்கமா மலாய் பேசணும், மலாய்ப் பழக்கவழக்கம் இருக்கணும். அதோட மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முன்னாடி இங்க பொறந்தவங்க, குடியிருந்தவங்க, இல்லேன்னா அவங்க வம்சம். ரத்தம்ங்கிற சொல்லே அதுல வராது.

பாகான் பரமு · 10:02

கனி பாய், நான் மதம் மாறாத குடும்பங்களைப் பத்திப் பேசுறேன். அதைக் கொண்டாந்து இதுல கலக்காதீங்க. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பெருமையை எல்லாத் திரியிலயும் சொல்றீங்க, போன மாசம் நாசி கண்டார் திரியிலயும் இதேதான்.

கப்பித்தான் கனி · 10:06

பெருமையைச் சொன்னா உங்களுக்கு என்ன எரியுது? நாசி கண்டார் திரியில கண்டார்னா காவடித் தண்டு மாதிரித் தோள்ல தூக்குற கம்புன்னு நான் சொன்னேன். நீங்க அரிசி வகைன்னீங்க. அதையும் இன்னி வரைக்கும் ஒத்துக்கலை.

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 10:30

பிரிவு எண் சண்டையை ஓரமா வையுங்க. “புதுசா கண்டுபிடிச்ச வியாதி”ன்னு எழுதினதுதான் முக்கியம். அது புதுசும் இல்லை, வியாதியும் இல்லை. கலப்பினத்தவர் ரெண்டு பக்கமும் ஒட்டாம விளிம்பில் நிற்பவர்னு அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் பார்க் எழுதியது 1928-ல். 1937-ல் ஸ்டோன்குவிஸ்ட் அதை விரிச்சார். அவங்க கலப்பையே ஒரு கோளாறாப் பார்த்தாங்க. இப்போதைய ஆய்வு அதைத் தலைகீழாக்கியிருக்கு. கேடு கலப்பில் இல்லை, மத்தவங்க ஒரு கட்டத்துக்குள்ள திணிக்கிறதுலதான்னு சொல்லுது.

2009-ல் டவுன்சென்ட், மார்கஸ், பெர்க்ஸீகர் மூணு பேரும் நடத்திய சோதனை எளிமையானது. கலப்பின மாணவர்களுக்கு விவரத்தாள் கொடுத்தாங்க. ஒரு குழு ஒரே ஓர் இனத்தைத்தான் குறிக்கணும். இன்னொரு குழு எத்தனை வேணும்னாலும் குறிக்கலாம். ஒண்ணை மட்டும் குறிக்கச் சொன்ன குழுவில் அதுக்கப்புறம் ஊக்கமும் தன்மதிப்பும் குறைவா இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு தாள், ஒரு டிக். ஒரு தாளுக்கே இப்படின்னா, இங்க பள்ளியில சேரும்போது, பரீட்சைக்குப் பதியும்போது, வேலைக்கு மனு போடும்போதுன்னு பிள்ளை எத்தனை தாளைப் பார்க்குது?

பாகான் பரமு · 10:41

பார்த்தீங்களா, அமெரிக்கா வந்துடுச்சு. நான் சொன்னேன்ல, வெள்ளைக்காரன் தலைவலின்னு!

ஜாலான் ஈப்போ ஜெயா · 10:48

மாதவி, பிரிவு எண்ணை ஓரமா வைக்க முடியாது. வச்சா அண்ணன் தப்பிச்சுடுவார்.

ஆனா ஒண்ணு, இந்த விஷயத்துல நானும் உங்க பக்கம் இல்லை. அங்க 2000 கணக்கெடுப்புலதான் முதல் தடவையா ஒண்ணுக்கு மேல டிக் போட விட்டாங்க, அப்ப 2.4 விழுக்காடு. 2020-ல 10.2. இருபது வருஷத்துல கலப்பு அப்படியா பெருகிப்போச்சு? ஒரு பகுதி, பதிலை எப்படிக் குறியீடு போடுறாங்கங்கிறதை மாத்தினதால வந்தது. கட்டம் மாறினா எண்ணிக்கை மாறும், மனுஷன் மாற மாட்டான். அந்த ஊர்க் கட்டத்தை வச்சு அளந்த மனசை செந்தூல்ல வந்து எப்படிப் பொருத்துவீங்க?

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 11:05

அப்படியே பொருத்தச் சொல்லலை அக்கா. எதை அளக்கணும்னு தெரிஞ்சுக்க அது உதவும். சலாஹுதீன், ஓ’பிரையன் 2011-ல் செஞ்ச அளவுகோலில் ஆறு பிரிவு இருக்கு. நாலு சிரமம், ரெண்டு தாங்குதிறன். “நீ இந்தியனா? நம்பவே முடியலையே”ன்னு பிறர் வியக்கிறது ஒண்ணு. குடும்பம் ஏத்துக்காதது ஒண்ணு. பாகுபாடு ஒண்ணு. தன் அடையாளத்திலேயே வரும் சிக்கல் ஒண்ணு. அந்தப் பக்கம், மனித வேற்றுமையை மதிக்கிற குணமும் கலப்பு என்பதிலேயே வரும் பெருமையும். நாலு சிரமமும் ஒண்ணு இல்லைங்கிறதுதான் இதில் பயன். வீட்டுல பாட்டி தட்டு தனியா வைக்கிறதும், வாடகை வீட்டுக்காரன் கதவைச் சாத்துறதும் ஒரே காயம் இல்லை. ரெண்டையும் “அடையாளக் குழப்பம்”னு ஒரே மூட்டையில கட்டினா மருந்து தப்பாப் போகும். பள்ளி ஆலோசகர்கள் பிள்ளையைக் கூப்பிட்டு “நீ உன்னை யாருன்னு நினைக்கிறே”ன்னு கேட்கிறாங்க. பல நேரம் பிள்ளைக்கு அதுல சந்தேகமே இருக்காது. சந்தேகம் எதிர்ல இருக்கிறவங்களுக்கு.

அஞ்சடி ஆசாமி · 11:09

இது சரி. “நீ என்ன?”ன்னு கேட்கிறவனுக்குத்தான் ஆலோசகர் வேணும்.

பாகான் பரமு · 11:30

கண்டுபிடிச்சுட்டேன். ஜெயா அம்மா, சட்டம் 299, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1957, பிரிவு 13ஏ. எழுதி வச்சுக்குங்க. பிள்ளைக்கு அப்பாவோடதுதான். எண் கேட்டீங்க, எண் கொடுத்தாச்சு. இப்ப என்ன சொல்றீங்க?

ஜாலான் ஈப்போ ஜெயா · 11:38

13ஏ! வாங்க வாங்க. இதுக்குத்தான் காலையிலருந்து உட்கார்ந்திருக்கேன்.

13ஏ என்ன சொல்லுது தெரியுமா? முறையாப் பொறந்த பிள்ளையின் குடும்பப் பேர் சாதாரணமா அப்பாவின் குடும்பப் பேரா இருக்கணும், அப்படி ஒண்ணு இருந்தா. குடும்பப் பேர் அண்ணே, இனம் இல்லை. பேரு! “இருந்தா”ங்கிறதையும் கவனிங்க. தமிழனுக்கு ஏது குடும்பப் பேர்? பிள்ளை பேருக்கு அப்புறம் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பேரை எழுதறோம், அது அப்பாவோட சொந்தப் பேர், பரம்பரைப் பேர் இல்லை. டான், லிம், ஓங்னு அந்தப் பக்கம் இருக்கிறதுதான் குடும்பப் பேர். ஆக நீங்க தூக்கிட்டு வந்த பிரிவு நேராப் பொருந்துறது சீன அப்பாக்களுக்குத்தான். தமிழ் அப்பாவுக்கு வந்தா “இருந்தா”ங்கிற இடத்துல நின்னுடும்.

இதுல நடக்கிற கூத்தையும் சொல்லிடறேன், பிள்ளை பதியப் போறவங்களுக்கு ஆகும். அப்பா தமிழ், அம்மா சீனம்னு வச்சுக்குங்க. பிள்ளைக்குத் தமிழ்ப் பேரோட சீனப் பேரும் வேணும். எல்எம்01-ல எழுதும்போது ஏ/எல்லுக்கு முன்னாடி முழுசா எழுதணும். பின்னாடி எழுதினா சீனப் பேர் அப்பா பேரோட ஒட்டிக்கும், அப்புறம் பள்ளி, வங்கி எல்லா இடத்துலயும் அப்பா பேர் அப்பா ஐசியோட ஒத்துப் போகாது. சீன எழுத்துப்படி அந்தச் சத்தத்தை ரூமியில (ரோமன் எழுத்துல) எப்படி எழுதறதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போங்க. பினாங்குல ஹொக்கியன் உச்சரிப்புல எழுதினது ஒண்ணு, மாண்டரின்ல வேற. அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா விழுந்தா பின்னாடி உறவு நிரூபிக்கப் பத்திரம் தேடி அலையணும். அச்சடிக்கிறதுக்கு முன்னாடி விவரத்தை ஒருக்கா காட்டுவாங்க. அப்பா கெதுருனான், அம்மா கெதுருனான் தனித்தனி வரிசையில வரும். ரெண்டையும் எழுத்து எழுத்தாப் படிங்க. அவசரத்துல அம்மாவுக்கும் அப்பாவோடதையே போட்டுட்டா, பிள்ளை கலப்புங்கிறதுக்கு இருக்கிற ஒரே அரசாங்கச் சாட்சியும் போச்சு. அப்புறம் திருத்தணும்னா சத்தியப் பிரமாணம், மூலப் பத்திரம், அம்மாவோட பிறப்புப் பத்திரம்னு இழுக்கும். பிறப்பைப் பதிய 60 நாள் இருக்கு. அதுக்கு ஏன் 59ஆவது நாள் ஓடறீங்க?

ஆக, பிரிவு எண் இன்னும் வரலை. இனத்துக்கு. எண். சொல்லுங்க.

பாகான் பரமு · 11:52

பேரும் இனமும் ஒண்ணுதான். லிம்னு போட்டா சீனன், ஏ/எல்னு போட்டா இந்தியன். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஜாலான் ஈப்போ ஜெயா · 11:54

குழந்தைக்குத் தெரியுது. சட்டத்துக்குத் தெரியலையே. எண்?

கப்பித்தான் கனி · 12:10

ஏ/எல் போட்டா இந்தியனா? மலாக்கா காஜா பெராங்ல இருக்கிற சிட்டி சமூகம் இந்துக்கள், மாரியம்மனுக்கு விழா எடுப்பாங்க, வீட்டுல பேசுறது மலாய், பெண்கள் கெபாயா கட்டுவாங்க. தலைமுறை தலைமுறையா மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்த கூட்டம். பேரைப் பார்த்தா பிள்ளை, செட்டின்னு இருக்கும். அவங்ககிட்ட போய்த் தமிழ்ல பேசிப் பாருங்க.

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 12:25

சிங்கப்பூர்ல 2011 ஜனவரியிலிருந்து ரெண்டு இனத்தையும் கோடு போட்டுச் சேர்த்துப் பதியலாம், ‘இந்தியர்-சீனர்’னு. அப்பா வழி மட்டும்தான்னு இயற்கை விதி எதுவும் இல்லைங்கிறதுக்குப் பாலம் தாண்டினா போதும்.

ஜாலான் ஈப்போ ஜெயா · 12:31

அதுலயும் வாலைச் சொல்லாம விட்டுட்டீங்க. கோட்டுக்கு முன்னாடி இருக்கிற இனத்தைத்தான் வீடமைப்பு இன ஒதுக்கீட்டுக்கு எடுத்துக்குவாங்க. ரெண்டு போடலாம், முதல்ல இருக்கிறதுதான் எண்ணிக்கையில் வரும். அலங்காரம்.

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 12:40

அலங்காரம் இல்லை அக்கா. எது முதல்லங்கிறதைக் குடும்பம் தீர்மானிக்குது. இங்க அதுகூட இல்லையே. நீங்க எதுவுமே உதவாதுன்னு சொல்றதுக்காகவே பேசுறீங்க.

ஜாலான் ஈப்போ ஜெயா · 12:44

உதவாததை உதவாதுன்னு சொல்ல எனக்கு யார் அனுமதி வேணும்?

அஞ்சடி ஆசாமி · 12:50

நடுவுல ஒரு சந்தேகம். சீன-இந்தியக் கலப்புப் பிள்ளையைச் சொல்றது ‘சிண்டியன்’னா ‘சிந்தியன்’னா? தலைப்புல நிர்வாகி ஒண்ணு போடுறார், திரியில வேற வருது.

பாகான் பரமு · 12:55

சிந்தியன். மெல்லினத்துக்கு அடுத்து வல்லினம், தமிழ் மரபு.

கப்பித்தான் கனி · 12:58

சிந்தியன்னா சிந்துக்காரன். பினாங்குல துணிக்கடை வச்சிருந்த சிந்திகளை என்ன செய்வீங்க? ண்-க்கு அடுத்து வர்ற ட வல்லினம் இல்லாம வேறென்ன? சிண்டியன்தான்.

ஜாலான் ஈப்போ ஜெயா · 13:01

ரெண்டும் வேணாம். சீனம், இந்தியம்னு வெட்டி ஒட்டின சரக்கு அது. மலாய் அம்மா, ஈபான் அம்மா, சயாம் அம்மா, பிலிப்பினோ அம்மா பெத்த பிள்ளைங்க எல்லாம் இந்தச் சொல்லுக்கு வெளிய நிக்குதுங்க.

பாகான் பரமு · 13:20

சரி, பேரு கெடக்கட்டும். நம்ம தோட்டத்துல சீனப் பெண் பிள்ளைகளை எடுத்து வளர்த்தாங்களே, ஆயிரக்கணக்குல? அந்தக் காலத்துல சீனக் குடும்பத்துல பெண் பிள்ளை அதிகம்னு, ஜாதகம் சரியில்லைன்னு, வறுமைன்னு கொடுத்தாங்க. நம்ம அம்மாமாரு தூக்கி வளர்த்தாங்க. அதுங்க புடவை கட்டி, பூ வச்சு, தீமிதிச்சு, தமிழ்ல திட்டி, தமிழ் மாப்பிள்ளையைக் கட்டிக்கிட்டு நம்மளவிடத் தமிழா இருக்குதுங்க. எந்த அளவுகோலும் இல்லாம, எந்த ஆலோசகரும் இல்லாம. குழப்பம் இருந்துச்சா? சொல்லுங்க மாதவி.

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 13:34

நல்ல உதாரணம். உங்களுக்கு எதிரா. அந்தப் பெண்களை வளர்த்தவங்க ‘நீ எங்க பிள்ளை’ன்னு சந்தேகமில்லாம ஏத்துக்கிட்டாங்க. நான் சொன்ன ரெண்டாவது பிரிவு, குடும்ப ஏற்பு, அங்க நிறைவா இருந்தது. ஆனா பாசார்ல சீனத்துல கூப்பிட்டு, பதில் தமிழ்ல வந்தவுடனே முகத்தைச் சுளிக்கிறது இருந்துச்சே? அது முதல் பிரிவு. ஏத்துக்கிட்டதால காயம் ஆறும், காயமே படலைன்னு ஆகாது.

ஜாலான் ஈப்போ ஜெயா · 13:40

ரெண்டு பேரும் தாளை மறந்துட்டீங்க. பரமு அண்ணே, உங்க விதியில அந்தப் பெண்கள் யாரு? பெத்த அப்பா சீனர். ‘அப்பா சீனர்னா பிள்ளை சீனர், சட்டம் தெளிவா சொல்லிடுச்சு’ன்னு நீங்கதான் எழுதினீங்க. அப்ப அவங்க சீனர். இப்ப ‘நம்மளவிடத் தமிழ்’ங்கிறீங்க. எது? ஒரே ஆளு காலையில ஒரு சட்டம், மத்தியானம் ஒரு சட்டம் போட முடியாது.

தத்துக்கு இங்க ரெண்டு வழி இருக்கு, இதுலயும் பலர் ஏமாந்து போறாங்க. சட்டம் 257, நீதிமன்றம் வழியா. பிள்ளை குறைஞ்சது மூணு மாசம் தொடர்ந்து கையில இருக்கணும், ஆணை வந்தா புதுப் பத்திரத்துல வளர்த்தவங்களே பெத்தவங்களா வருவாங்க. சட்டம் 253, ஜேபிஎன் பதிவு. ரெண்டு வருஷம் வளர்த்திருக்கணும். சுலபம், ஆனா சொத்துரிமை தானா வராது. அந்தக் காலத்துல பெரும்பாலும் ரெண்டுமே கிடையாது, வாய்வார்த்தை. சில வீட்டுல வளர்த்தவங்களே பெத்தவங்கன்னு நேரடியாப் பதிஞ்சுட்டாங்க. அதனாலதான் அந்தப் பெண்கள் தாள்ல ‘இந்தியர்’. உங்க ‘அப்பா விதி’ வேலை செய்யறதுக்கே பதிவுல தப்பு நடக்க வேண்டியிருந்துச்சு.

பாகான் பரமு · 13:52

எங்க அம்மாமாரைப் பொய்ப் பதிவு பண்ணவங்கன்னு சொல்றீங்க. நல்லா இருக்கு. கோலாலம்பூர் கூலிங்ல உட்கார்ந்துக்கிட்டு தோட்டத்தைப் பத்திப் பேச வந்துட்டாங்க.

ஜாலான் ஈப்போ ஜெயா · 13:55

பேச்சை மாத்தாதீங்க. யாரையும் குத்தம் சொல்லலை. எண் கேட்டேன்.

கப்பித்தான் கனி · 14:10

பரமு அண்ணனோட அப்பா விதி ஒரே ஓர் இடத்துல நிஜம். ஜெயிச்சா எல்லாரும் அப்பாவாகிடுவாங்க. நிக்கோல் டேவிட் 2006-லருந்து 2015 வரைக்கும் உலக ஸ்குவாஷ் முதல் இடத்துல உட்கார்ந்திருந்தப்ப, எட்டு தடவை உலகப் பட்டம் வாங்கினப்ப, ‘நம்ம பொண்ணு’ன்னு இந்தியரும் சொன்னாங்க, சீனரும் சொன்னாங்க. அதே நிறத்துல, அதே மாதிரி பேர்ல ஒரு பிள்ளை அறை வாடகைக்குக் கேட்டுப் போகட்டும்.

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 14:22

அறை விளம்பரம் தனிக் கதை. ‘சீனர் மட்டும்’னு வெளிப்படையா எழுதுறாங்க. போன்ல கான்டனீஸ் பேசினா “வாங்க, பார்க்கலாம்”. நேர்ல வந்தா “இப்பதான் ஒருத்தர் முன்பணம் கொடுத்தார்”. பேர்ல ஏ/பி இருந்தா ஒப்பந்தத்துக்கு ஐசி நகல் அனுப்புற கட்டத்துல நிக்கும். கலப்பினத்தவருக்கு இது ரெண்டு தடவை நடக்கும், குரலுக்கு ஒரு பதில், முகத்துக்கு ஒரு பதில்.

ஜாலான் ஈப்போ ஜெயா · 14:30

அதுக்கு வழக்குப் போடலாம்னு யாரும் கிளம்பாதீங்க. அரசமைப்போட 8ஆவது விதியின் ரெண்டாம் பகுதியில இனப் பாகுபாடு கூடாதுன்னு இருக்கு, ஆனா அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும், வீட்டுக்காரனை இல்லை. விமானப் பணிப்பெண் வழக்குல 2005-லேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிடுச்சு, அரசமைப்பு உரிமை தனியாருக்கு எதிரா ஓடாதுன்னு. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தத்துல சேரப் போறதில்லைன்னு 2018 நவம்பர்ல அறிவிச்சாங்க, டிசம்பர் 8-ல அதுக்கு எதிரானவங்க கோலாலம்பூர்ல கூட்டமும் போட்டாங்க. ஆக அறைக்காரன் நிம்மதியாத் தூங்கறான்.

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்றேன். மாதவி மனசைப் பிடிச்சுத் தொங்கறாங்க, பரமு அண்ணன் அப்பாவைப் பிடிச்சுத் தொங்கறார். கலப்புப் பிள்ளைக்கு நிஜமாவே முதுகெலும்பு முறியற இடம் கெதுருனான் வரிசையே இல்லை. கல்யாணப் பதிவு.

1982 மார்ச் 1-லருந்து முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணம் சட்டப்படி பதிவாகணும், 1976 சட்டம். கோவில்ல தாலி கட்டி, ஐயர் ஆசீர்வாதம் பண்ணி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டா கல்யாணம் ஆயிடுச்சுன்னு நினைக்கிறாங்க. அந்தக் கோவில்ல உதவிப் பதிவாளர் இருந்து கையெழுத்து வாங்கினாத்தான் ஆச்சு. இப்ப அப்பா இந்த ஊர்த் தமிழர், அம்மா இந்தோனேசியா, இல்லேன்னா பிலிப்பைன்ஸ், இல்லேன்னா மியன்மார். தாலி உண்டு, பதிவு இல்லை. பிள்ளை கோலாலம்பூர்லயே பொறக்குது. சட்டத்துக்கு அது முறையாப் பொறந்த பிள்ளை இல்லை. சட்டம் 299 பிரிவு 13-படி அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் அப்பா பேரே ஏறும். பேர் ஏறினாலும் குடியுரிமை ஏறாது. அரசமைப்பின் ரெண்டாம் அட்டவணை, மூணாம் பகுதி, பிரிவு 17: முறையாப் பொறக்காத பிள்ளைக்கு ‘அப்பா’ன்னு எங்க வந்தாலும் ‘அம்மா’ன்னு படிக்கணும். அம்மா வெளிநாடு. பிள்ளை வார்கா நெகாரா இல்லை. ஒரே மண், ஒரே அப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஐசி வரும், இதுக்கு வராது.

பொறந்தப்புறம் ஓடிப் போய்ப் பதிஞ்சா சரியாகிடும்னு சொல்ற புண்ணியவான்கள் இருக்காங்க. 2021 மே மாசம் கூட்டரசு நீதிமன்றத்துல ஒரு வழக்கு வந்துச்சு. வெளிநாட்டுல பொறந்த பிள்ளை, அப்பா மலேசியர், கல்யாணப் பதிவு பிறப்புக்கு அப்புறம். 4க்கு 3-னு பிள்ளைக்கு எதிராத் தீர்ப்பு. அதுக்கப்புறம் மிச்சம் அரசமைப்போட 15ஏ விதி, வயசு வரம்புக்குள்ள குடியுரிமை மனு, அமைச்சர் இஷ்டம். வருஷக் கணக்குல காத்திருக்கணும்.

அதனால கலப்புக் கல்யாணம் பண்றவங்க பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி ஜேபிஎன்ல மனு போடுங்க. 21 நாள் அறிவிப்பு ஒட்டுவாங்க. வெளிநாட்டவர்னா அவங்க தூதரகத்துலருந்து மணமாகாதவர்ங்கிற கடிதம் முதல்ல வேணும், அதுதான் தாமதம் பண்ணும். அனுமதி வந்தா ஆறு மாசத்துக்குள்ள முடிக்கணும். முகூர்த்தம் அதுக்கேத்த மாதிரி பாருங்க, முகூர்த்தத்துக்கு ஏத்த மாதிரி பதிவைத் தள்ளாதீங்க.

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 14:52

இவ்வளவு தெரிஞ்சவங்க, ஐசி இல்லாத பிள்ளையின் மனநிலை ‘நலம்’ சம்பந்தப்பட்டது இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

ஜாலான் ஈப்போ ஜெயா · 14:54

சம்பந்தம் இல்லைன்னு எங்க சொன்னேன்? ஐசி கொடுத்தாப் பாதி சரியாகிடும்ங்கிறேன். உங்க அளவுகோல்ல ‘குடியுரிமை’ன்னு ஏழாவது பிரிவு இருக்கா?

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 15:03

இல்லை. ஆனா இருக்கிறதையே நீங்க படிக்கலை. சான்செஸ், ஷீ, கார்சியா 2009: இடத்துக்கு இடம் அடையாளத்தை மாத்திக்கிறவங்ககிட்ட மனச்சோர்வு அதிகம், ஆனா முரண்பாட்டைச் சகிச்சுப் பழகினவங்ககிட்ட அந்தத் தொடர்பு வலு குறைஞ்சுடுது. ஐசியோட இதுக்குச் சம்பந்தம் இல்லை.

அஞ்சடி ஆசாமி · 15:06

ஏர் ஈத்தாம் பாசார்ல ஹொக்கியன், தண்ணிமலையில தமிழ், கவுண்டர்ல மலாய். அப்ப பினாங்குல எல்லாரும் மனச்சோர்வா?

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 15:09

மொழி மாத்துறது வேற, ‘நான் யாரு’ன்னு மாத்திச் சொல்றது வேற.

பாகான் பரமு · 15:40

ஜெயா அம்மா பெரிய பாரம் எழுதிட்டாங்க, நன்றி. அதுலயே ஒப்புக்கிட்டாங்க பாருங்க: முறையாப் பொறந்த பிள்ளைக்கு அப்பா, இல்லாத பிள்ளைக்கு அம்மா. அப்ப முறையாப் பொறந்தா அப்பாதான்! நான் காலையில சொன்னதும் அதேதான்.

ஜாலான் ஈப்போ ஜெயா · 15:44

அது குடியுரிமை. இனம் இல்லை. 13ஏ பேரு. இனம் இல்லை. மூணாவது தடவை சொல்றேன். தான் புடிச்ச முயலுக்கு மூணு கால்ங்கிறீங்க, சரி, அந்த மூணையாவது எண்ணிக் காட்டுங்க.

சரவாக்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? அப்பா ஈபானா இருந்தும், அம்மா சீனர்ங்கிறதால 2009-ல ஒரு மாணவிக்கு மெட்ரிகுலேஷன்ல சுதேசி இல்லைன்னாங்க. ஏன்னா 161ஏ அப்ப ‘அந்த இனங்கள்லருந்து மட்டுமே’ வந்த கலப்புன்னு சொல்லுச்சு. அப்பா விதி அங்க எங்க போச்சு? 2022-ல அரசமைப்பைத் திருத்தி, சரவாக் சட்டமன்றமும் திருத்தி, பெத்தவங்கள்ல ஒருத்தர் சுதேசியா இருந்தாப் போதும்னு ஆச்சு. சபாவுல சுதேசி இனத்தவரோட பிள்ளையோ பேரப்பிள்ளையோன்னு வேற கணக்கு. ஒரே நாட்டுக்குள்ள மூணு கணக்கு.

பாகான் பரமு · 15:58

சரவாக் கதை தீபகற்பத்துக்கு எதுக்கு? கடல் தாண்டிப் போறாங்க. எங்க பிள்ளைங்க தமிழ்ப்பள்ளிக்குப் போகணும், அதுக்கு இந்தியர்னு இருக்கணும், அதுதான் எனக்கு.

மாதவி பிரிக்ஃபீல்ட்ஸ் · 16:05

தமிழ்ப்பள்ளியில் சேர இனம் தேவையே இல்லை அண்ணே. யார் வேணும்னாலும் சேரலாம். தேசியப் பள்ளியிலகூட 15 பிள்ளைகளோட பெற்றோர் கேட்டா தமிழ் வகுப்பு வைக்கணும்னு 1996 கல்விச் சட்டத்துலயே இருக்கு. அந்த 15-ல சீன அப்பாவுக்குப் பொறந்த பிள்ளையையும் சேர்த்துக்கலாம். 14 பேர் இருந்து ஒண்ணு குறையுதுன்னு வகுப்பைக் கைவிடற பெற்றோர் சங்கம், ‘பேர்ல ஓங் இருக்கே’ன்னு அந்தப் பிள்ளை வீட்டைக் கேட்கறதே இல்லை.

கப்பித்தான் கனி · 16:11

சபாஷ். இதைத் தனித் திரியாப் போடுங்க.

பாகான் பரமு · 16:15

போடுங்க போடுங்க, அதுக்கும் ஜெயா அம்மா வந்து பிரிவு எண் கேட்பாங்க.

நிர்வாகி · 16:20

தனிநபர் தாக்குதல் வேண்டாம். திரியின் தலைப்பை ‘சிந்தியன் பிள்ளைகளும் சட்டமும்’ என்று மாற்றலாமா?

கப்பித்தான் கனி · 16:21

சிண்டியன்.

ஜாலான் ஈப்போ ஜெயா · 16:22

தலைப்பு அப்படியே இருக்கட்டும். இன்னும் எண் வரலை.

பாகான் பரமு · 16:37

திங்கக்கிழமை பட்டர்வொர்த் ஜேபிஎன்ல கேட்டு எழுதறேன். அப்ப என்ன பண்றீங்கன்னு பார்க்கறேன்.

ஜாலான் ஈப்போ ஜெயா · 16:39

கெராணி பேரு வேணாம். எண் வாங்கிட்டு வாங்க.